கொசஸ்தலை தடுத்த படை: கர்னல் வில்லியம் பெய்லி

இரண்டாம் மைசூர்ப் போர் – பகுதி 4

லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பெய்லி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் இவர் தோற்றார். இவருடன் சென்ற ஏறத்தாழ 3,700 பேர் கொண்ட படை அன்று காலையில் சில மணி நேரத்துக்குள் இல்லாமல் போயிற்று. இந்திய மண்ணில் கம்பெனி அதுவரை அடைந்த தோல்விகளில் இதுவே மிகப் பெரியது என்பது அன்றைய ஆங்கிலேயரின் கருத்தாகவே இருந்தது.

ஆங்கில ஆவணங்கள் பொள்ளிலூர்ப் போர் என்று குறிப்பிடும் இந்தப் போரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில மணி நேரத்தையே விவரிக்கின்றன. ஆனால் பெய்லியின் கதி அதற்கு முந்தைய இரண்டு வாரத்திலேயே பெருமளவு தீர்மானமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் கிடைத்த ஓர் உத்தரவு, கொசஸ்தலை ஆற்றில் வந்த வெள்ளம், பேரம்பாக்கத்தில் நடந்த ஒரு மோதல் ஆகிய மூன்றும் இன்றைய திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள் நிகழ்ந்தவை.

ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு

பெய்லியின் குடும்பம் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் இன்வர்னெஸ் நகருக்கு அருகிலுள்ள டுனைன் என்னும் ஊரைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1759-ஆம் ஆண்டில், கார்டன் பிரபு குடும்பத்தின் நிலங்களிலிருந்து ஆள் திரட்டி 89-ஆம் மலைநாட்டு ரெஜிமெண்ட் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பெய்லி அதில் லெப்டினன்ட் ஆனார். அந்த ரெஜிமெண்ட் 1761-இல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே அதை நடத்தியவர் மேஜர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சார் போரில் வென்று பெயர் பெற்றவரும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பெய்லிக்குத் தலைமைத் தளபதியாக அமைந்தவரும் இதே மன்றோதான்.

1765-இல் 89-ஆம் ரெஜிமெண்ட் தாய்நாட்டுக்கு அழைக்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. அதன் அதிகாரிகள் சிலர் அதற்கு முன்பே கம்பெனிப் பணிக்கு மாறி இங்கேயே தங்கினர். அவர்களில் பெய்லியும் ஒருவர். சென்னைப் படையின் பட்டியலில் 1764 ஏப்ரலில் காப்டனாகவும், 1772 ஏப்ரலில் மேஜராகவும், 1775 ஜூனில் லெப்டினன்ட் கர்னலாகவும் அவர் பெயர் இடம்பெறுகிறது. பதவி உயர்வு சீராக வந்திருக்கிறது. ஆனால் தனிப்பெரும் வெற்றி எதுவும் அவர் பெயரோடு சேரவில்லை. கிளைவ், அயர் கூட், மன்றோ போன்றவர்களுக்கு அடுத்த வரிசையில், உத்தரவிட்ட இடத்துக்குப் படையை நடத்திச் செல்லும் அனுபவம் மிக்க அதிகாரி என்பதே அவருக்கு இருந்த இடம்.

குண்டூரில் விழுந்த முடிச்சு

பெய்லி வடக்கே போகக் காரணமாக இருந்தது குண்டூர். அப்பகுதியை ஆண்டவர் ஹைதராபாத் நிஜாமின் தம்பி பசாலத் ஜங். அவரிடம் லாலி என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவு இருந்தது. 1778-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மீண்டும் போர் மூண்டு, அவ்வாண்டு அக்டோபரில் மன்றோ புதுச்சேரியைக் கைப்பற்றினார். அதன்பின் தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர் எங்குமே இருக்கக் கூடாது என்ற முடிவுக்குச் சென்னை அரசு வந்தது. 1779-இல் பசாலத் ஜங்கோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பிரெஞ்சுப் பிரிவை அவர் வெளியேற்ற வேண்டும். குண்டூரைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட வேண்டும். பதிலுக்குக் கம்பெனி அவருக்குப் பாதுகாப்புத் தரும். குத்தகைக்கு எடுத்த குண்டூரைச் சென்னை அரசு ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு மறு குத்தகைக்கு விட்டது.

நிஜாமைக் கலக்காமல் செய்த இந்த ஏற்பாடு அவருக்குச் சினமூட்டியது. ஹைதரையும் அது நேரடியாகத் தொட்டது. கம்பெனி பசாலத் ஜங்கின் தலைநகரான ஆதோனிக்கு அனுப்பிய படை, ஹைதர் புதிதாக வென்றெடுத்திருந்த கடப்பைப் பகுதியின் வழியே அவர் அனுமதி பெறாமல் செல்ல முயன்றது. ஹைதரின் ஆட்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினர். அதே 1779-இல் மலபார்க் கரையில், தம் பாதுகாப்பில் உள்ளதென்று ஹைதர் அறிவித்திருந்த மாஹேயையும் கம்பெனி கைப்பற்றியது. போருக்கு ஹைதர் காட்டிய காரணங்களில் இவ்விரண்டும் முதன்மையானவை.

குண்டூர்ப் படையின் முதல் தலைவர் கர்னல் ஹார்ப்பர். அவரிடமிருந்து அந்தப் பொறுப்பு பெய்லிக்கு மாறியது. குண்டூரிலிருந்து வெளியேறிய லாலி பின்னர் ஹைதரிடம் சேர்ந்தார். புள்ளலூரில் அவர் பெய்லிக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

எதிரி வந்த பிறகும் கூடாத படை

1780 ஜூலையில் ஹைதர் அலி மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவருடன் வந்தவர்கள் 90,000 பேர் என்பது அன்றைய மதிப்பீடு. பரங்கிப்பேட்டையும் காஞ்சிபுரமும் கொள்ளையிடப்பட்டன. மைசூர்க் குதிரை வீரர்கள் பரங்கிமலைப் பக்கம் வரை வந்து போயினர். ஆகஸ்ட் 21-இல் ஹைதர் ஆற்காட்டுக் கோட்டையை முற்றுகையிட்டார்.

சென்னையில் ஆளுநர் ரம்போல்டு அதற்குச் சில மாதம் முன்புதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருந்தார். பொறுப்பு வகித்த ஒயிட்ஹில்லும் அவரது கவுன்சிலும் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தவில்லை. படை ஊர்ஊராகச் சிதறிக் கிடந்தது. சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி. வண்டி மாடுகளும் பொதிமாடுகளும் போதவில்லை. வேவு பார்க்கவும் எதிரியின் குதிரைப்படையை விரட்டவும் சொந்தக் குதிரைப்படை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நவாபின் வரிக்கொடுமையில் சலித்திருந்த கிராமத்தார் கம்பெனிக்குத் தானியமோ செய்தியோ தர முன்வரவில்லை. ஹைதரின் ஒற்றர்கள் சென்னைக் கோட்டைக்குள்ளிருந்தே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தனர்.

சிதறிய படைகளை எங்கே ஒன்று சேர்ப்பது என்பதில் இரண்டு கருத்து இருந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் 73-ஆம் மலைநாட்டு ரெஜிமெண்டோடு வந்திறங்கிய மக்ளாவுட் பிரபு, சென்னைக்கு அருகிலேயே கூட வேண்டும் என்றார். எதிரி நடமாடும் நாட்டின் நடுவே ஓர் இடத்தைக் குறித்து, இரண்டு பக்கமிருந்தும் இரண்டு சிறு படைகளை அங்கே வரச்சொல்வது ஆபத்து என்பது அவர் வாதம். மன்றோ காஞ்சிபுரத்தைத் தேர்ந்தார். முற்றுகையிலிருக்கும் ஆற்காட்டை மீட்க அதுவே வசதியான இடம் என்பது அவர் எண்ணம். மக்ளாவுட் அந்தத் திட்டத்தை ஏற்று நடத்தத் தயங்கவே, மன்றோ தாமே படைத்தலைமையை எடுத்துக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டியும் ஆறும்

தெற்கே வருமாறு உத்தரவு பெற்ற பெய்லி குண்டூரிலிருந்து கடலோரச் சமவெளி வழியாக இறங்கி வந்தார். அவரிடம் 2,813 பேர் இருந்தனர். ஐரோப்பியர் இரண்டு கம்பெனி, பீரங்கிப் பிரிவு, ஐந்து சிப்பாய்ப் பட்டாளங்கள் என்பது அதன் அமைப்பு. ஆகஸ்ட் 24-இல் அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார்.

இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் உருக்காலைகளும் நிறைந்துள்ள கும்மிடிப்பூண்டி, சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலை செல்லும் இதே கடலோரத் தடத்தில்தான் அன்றும் வடநாட்டுப் போக்குவரத்து நடந்தது. பீரங்கிகளோடு செல்லும் படைக்கு அங்கிருந்து சென்னை இரண்டு மூன்று நாள் நடை. மன்றோ அப்போது பரங்கிமலையில் இருந்தார்; ஆகஸ்ட் 26-இல்தான் அங்கிருந்து புறப்பட்டார். பெய்லி நேராகச் சென்னைக்கு வந்திருந்தால், மன்றோ ஓரிரு நாள் காத்திருந்தாலே இரண்டு படையும் எதிரியின் தொல்லையின்றிச் சேர்ந்திருக்கும். ஆனால் காஞ்சிபுரத்தில் வந்து சேருமாறு பெய்லிக்கு உத்தரவு போயிற்று. அந்த வழி தென்மேற்காக, உள்நாட்டுக்குள் நீளுகிறது. அதில் அவருக்கு ஹைதரின் குதிரைப்படையிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

எந்த வழியில் போனாலும் கொசஸ்தலை ஆற்றைக் கடக்க வேண்டும். மேற்கேயிருந்து வந்து, நகரியாறு போன்ற கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, எண்ணூரில் கடலில் கலக்கும் ஆறு அது. 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இப்போது அதன் நீரைத் தடுத்துச் சென்னைக்குக் குடிநீராகத் தருகிறது. 1780-இல் அணை கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில், மேற்கே நகரி மலைப்பக்கம் கனமழை பெய்தால் சில மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். கரையில் இருப்பவர்களுக்கு மழை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகஸ்ட் 25-இல் பெய்லி ஆற்றங்கரையை அடைந்தபோது நீர் மிகக் குறைவாகவே இருந்தது. அவர் அன்றே கடக்காமல் வடகரையில் பாசறை அமைத்தார். அன்றிரவுக்குப் பின் வெள்ளம் வந்தது. பீரங்கி வண்டிகளும் மாடுகளும் இறங்க முடியாத அளவில் அது பல நாள் ஓடியது. செப்டம்பர் 3-ஆம் தேதிதான் படை தென்கரையை அடைந்தது.

நீர் வடிந்து கிடக்கும் ஆற்றைக் கண்டால் முதலில் கடந்து மறுகரையில் பாசறை போடுவது படைத்துறையில் பழைய விதி. பெய்லி அதைப் பின்பற்றவில்லை என்பது அவர்மீது பின்னர் வைக்கப்பட்ட முதல் குற்றச்சாட்டு. அது நியாயமானதே. ஆனால் அந்தப் பத்து நாளில் மாறியது பெய்லியின் நிலை மட்டுமல்ல. ஆகஸ்ட் 29-இல் மன்றோ 5,209 பேருடன் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார். அதே நாளில் ஹைதர் ஆற்காட்டு முற்றுகையைத் தளர்த்திவிட்டு மன்றோவை நோக்கி நகர்ந்தார். பெய்லியை வழியில் மறிக்க மகன் திப்புவைப் பெரும் படையுடன் அனுப்பினார். பெய்லி ஆற்றைக் கடந்தபோது, அவருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே எதிரி வந்து நின்றாயிற்று.

பேரம்பாக்கம்

ஆற்றைக் கடந்த படை இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் குறுக்கே நடந்து, செப்டம்பர் 6-இல் பேரம்பாக்கத்தை அடைந்தது. கூவம் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள இவ்வூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 23 கி.மீ. தொலைவு. அங்கே திப்பு தாக்கினார். சதுப்பும் வயலுமாக இருந்த நிலம் குதிரைப்படைக்குச் சாதகமாக இல்லை. பல மணி நேரம் நடந்த சண்டையில் திப்புவின் படை பின்வாங்கியது. பெய்லியின் பக்கம் இறந்தவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ நூறு பேர்.

இந்தச் சண்டை பெய்லியின் திறமைக்குச் சான்று. தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையை, குதிரைப்படையே இல்லாமல், ஒழுங்கு குலையாமல் எதிர்த்து நின்றிருக்கிறார். கூடுதல் பீரங்கியும் ஆளும் இல்லாமல் இந்தப் படையை முறியடிக்க முடியாது என்று திப்புவே தந்தைக்குச் செய்தி அனுப்பினார். ஆனால் வெற்றியால் பெய்லிக்குப் பயனில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லக் கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டனர். உணவும் வெடிமருந்தும் குறைந்தன. தம்மால் தனியாக முன்னேற முடியாது என்றும், மன்றோ வந்து சேர வேண்டும் என்றும் அவர் கடிதம் அனுப்பினார்.

பேரம்பாக்கத்துப் பீரங்கி முழக்கம் காஞ்சிபுரத்தில் கேட்டது. மன்றோ நகரவில்லை. ஊர்க் கோயிலில் அவர் சேர்த்து வைத்திருந்த கொஞ்ச நெல்லையும் அரிசியையும் விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார். படையைப் பட்டினி போட முடியாது என்பது அவர் கணக்கு. ஹைதரோ சில மைல் தள்ளிப் பாசறை போட்டு மன்றோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்றோ தாம் போவதற்குப் பதிலாக, லெப்டினன்ட் கர்னல் பிளெட்சர் தலைமையில் 1,007 பேரைத் தேர்ந்து உதவிக்கு அனுப்பினார். மக்ளாவுட்டின் மலைநாட்டு வீரர்களில் சிறந்த இரண்டு கம்பெனிகளும், காப்டன் டேவிட் பேர்டும் அதில் இருந்தனர்.

வழிகாட்டிகளில் சிலர் ஹைதரின் ஆட்கள் என்று பிளெட்சர் சந்தேகித்தார். அவர்கள் காட்டிய வழியை இரவில் திடீரென்று மாற்றி, வேறு தடத்தில் சுற்றிக்கொண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி காலை பேரம்பாக்கம் சேர்ந்தார். அவரைப் பிடிக்கக் காத்திருந்த மைசூர்ப் படை ஏமாந்தது. இந்தப் போரில் கம்பெனிப் பக்கம் நடந்த மிகத் திறமையான நடை அதுவே. ஆனால் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்த படையை மன்றோ மூன்றாகப் பிரித்திருந்தார். பிளெட்சர் பெய்லியுடன் சேர்ந்த பிறகும் இரு படைகளும் ஹைதரின் படையைவிட மிகச் சிறியனவாகவே இருந்தன.

புள்ளலூர்

9-ஆம் தேதி இரவு பெய்லி, பிளெட்சர் இருவரும் ஏறத்தாழ 3,720 பேருடன் காஞ்சிபுரத்தை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களில் ஐரோப்பியர் சுமார் ஐந்நூறு பேர். மற்ற அனைவரும் சென்னைப் படையின் சிப்பாய்கள். சில மைல் நடந்ததும் எதிரியின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. பெய்லி விடியும்வரை நிற்க முடிவு செய்தார். இருட்டில் பீரங்கிகளும் சுமைகளும் பின்தங்கிப் பிரிந்துவிடும் என்பது அவர் அச்சம். இரவோடு இரவாக நடந்துவிட வேண்டும் என்பது மற்ற அதிகாரிகள் பலரின் எண்ணம். அந்த ஓய்வு ஹைதருக்கு வேண்டிய நேரத்தைத் தந்தது. மன்றோ கண்ணில் படுமாறு கூடாரங்களை அப்படியே விட்டுவைத்து, காலாட்படையையும் பீரங்கிகளையும் அவர் இரவிலேயே புள்ளலூர்ப் பக்கம் அனுப்பினார். விடியுமுன் தாமும் புறப்பட்டார். மன்றோவுக்கு இது தெரியாது.

புள்ளலூர் படைகளுக்குப் பழக்கமான களம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை இங்கே வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பிடுகிறது. காஞ்சியை நோக்கி வடக்கிலிருந்து வரும் படையை நகரை எட்டுமுன் நிறுத்த ஏற்ற இடம் அது.

செப்டம்பர் 10 காலை படை நகர்ந்ததும் திப்புவின் பீரங்கிகள் முழங்கின. ரம்லி, கௌடி என்ற இரு அதிகாரிகளின் தலைமையில் பத்துக் கம்பெனிச் சிப்பாய்கள் பாய்ந்து சென்று பீரங்கிகள் சிலவற்றைக் கைப்பற்றினர். அப்போது ஹைதரின் முழுப்படையும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. முன்னே போனவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் மூன்று பக்கமிருந்தும் சுட்டன. பெய்லியிடம் இருந்தவை பத்து.

காயமுற்ற நிலையிலும் பெய்லி படையைச் சதுர அணியாக நிறுத்தி, குதிரைப்படையின் தாக்குதல்களை ஒன்றன்பின் ஒன்றாக முறித்தார். இவ்வளவு நேரம் ஆகியும் அணி உடையாததைக் கண்டு ஹைதரின் பிரெஞ்சு அதிகாரிகள் கவலைப்பட்டனர். காஞ்சிபுரத்திலிருந்து மன்றோ வந்துவிட்டால் இரண்டு படைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வோம் என்பது அவர்கள் அச்சம். அந்த நேரத்தில்தான் கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பீரங்கிக் குண்டு விழுந்து வெடித்தது என்றும், மைசூரார் எய்த ராக்கெட் பட்டது என்றும் இருவகையாகச் சொல்வதுண்டு. வெடிப்பில் அணி பிளந்தது. பீரங்கிகளுக்கு மருந்தில்லாமல் போயிற்று. சிப்பாய் அணிகள் சிதறின. எஞ்சிய ஐரோப்பியர் ஒரு மேட்டில் கூடி, துப்பாக்கி முனை ஈட்டியாலும் வாளாலும் மேலும் பல தாக்குதல்களைத் தடுத்தனர். இனிப் பயனில்லை என்று கண்ட பெய்லி வெள்ளைத் துணியை உயர்த்திச் சரணடைந்தார். அதன் பின்னும் வெட்டு நிற்கவில்லை. லாலியும் பிற பிரெஞ்சு அதிகாரிகளும் தலையிட்டுப் பலரைக் காப்பாற்றினர்.

பிளெட்சர் களத்தில் இறந்தார். 86 அதிகாரிகளில் 36 பேர் அங்கேயோ பின்னர் காயத்தாலோ மாண்டனர். 34 பேர் காயத்தோடும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டனர். அதிகாரிகளின் பெயரும் காயமும் ஒன்றுவிடாமல் பதிவாகியுள்ளன. படையின் பெரும்பகுதியாக இருந்த சிப்பாய்களுக்கு அப்படிப்பட்ட பதிவு இல்லை.

மன்றோவின் பின்வாங்கல்

அன்று காலை பீரங்கி ஓசை கேட்டு மன்றோ காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டார். எழுந்த புகை கண்ணில் பட்டது, வெடிச்சத்தம் கேட்டது, பிறகு அமைதி. களத்துக்குச் சில மைல் தொலைவில், தப்பி வந்த காயம்பட்ட சிப்பாய் ஒருவர் மூலம் செய்தி தெரிந்ததும் அவர் திரும்பினார். மறுநாள் விடியுமுன், கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஹைதரின் குதிரைப்படை வழியெல்லாம் துரத்தியது. பரங்கிமலையையும் தாண்டி, அடையாற்றின் மர்மலாங் பாலத்துக்கு அருகில் வந்த பிறகே படை நின்றது. ஹைதர் சென்னையைத் தாக்க முனையாமல் ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். அந்த முடிவால் நகரம் தப்பியது.

செய்தி கல்கத்தாவுக்குப் போனதும் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒயிட்ஹில்லைப் பதவியிலிருந்து நீக்கினார். படைத்தலைமை சர் அயர் கூட்டுக்குப் போயிற்று. அவர் நவம்பரில் சென்னை வந்தார்.

சிறையும் சாவும்

பெய்லியும் பிற கைதிகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு விலங்கிடப்பட்டனர். உணவுக்குச் சொற்பப் படி தரப்பட்டது. காயங்களுக்கும் நோய்க்கும் முறையான மருத்துவம் இல்லை. பெய்லி ஈராண்டுக்கு மேல் அங்கே இருந்து, 1782 நவம்பர் 13-இல் சிறையிலேயே இறந்தார். அதற்கு ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 7-இல், சித்தூருக்கு அருகிலிருந்த பாசறையில் ஹைதரும் இறந்தார்.

எஞ்சிய கைதிகள் 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே விடுதலை பெற்றனர். அவர்களில் ஒருவரான டேவிட் பேர்ட், 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது நடந்த இறுதித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். திப்பு அன்று கோட்டைக்குள் வீழ்ந்தார்.

திருப்பாச்சூரும் இரண்டாம் போரும்

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்ற அயர் கூட், அடுத்த மாதம் திருவள்ளூர்ப் பக்கம் வந்தார். திருவள்ளூருக்கு மேற்கேயுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையை ஆகஸ்ட் 22-இல் கைப்பற்றினார். படைக்குத் தானியம் சேர்க்க அந்தக் கோட்டை அவருக்குத் தேவைப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 27-இல், புள்ளலூரிலேயே இரு படையும் மோதின. முந்தைய ஆண்டு வெற்றி கிடைத்த இடம் என்பதால் ஹைதர் அக்களத்தை நல்ல சகுனமாகக் கருதித் தேர்ந்தார் என்பர். பெய்லியின் வீரர்களுடைய புதைக்கப்படாத எலும்புகள் கிடந்த வயல்களின் ஊடே கூட்டின் படை முன்னேறியது. அவர் பக்கம் நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ விழுந்தனர்; ஜெனரல் ஸ்டூவர்ட் ஒரு காலை இழந்தார். களம் கூட்டின் வசமானாலும் போர் முடிவுக்கு வரவில்லை. ஹைதர் தம் பீரங்கிகளோடு ஒழுங்காகவே விலகிச் சென்றார்.

நினைவுச் சின்னங்கள்

தோற்றவரின் உருவத்தை நிலைக்கச் செய்தவர்கள் வென்றவர்களே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரும் ஓவியமாக உள்ளது. யானை மீது ஹைதர், குதிரைமேல் திப்பு, தூரக்கண்ணாடியுடன் லாலி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி ஆகியவற்றுக்கு நடுவே, சதுர அணிக்குள் பல்லக்கில் சாய்ந்தபடி பெய்லி இருக்கிறார். 1799-க்குப் பின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி ஓவியத்தைச் செப்பனிடச் செய்தார். 1850-களில் டல்ஹவுசி பிரபுவின் ஆணையால் அது மீண்டும் தீட்டப்பட்டது. இதே காட்சியைத் தாளில் தீட்டிய நீண்ட ஓவியம் ஒன்று 2022-இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது.

பெய்லியின் நினைவு மண்டபமும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இருக்கிறது. லக்னோவில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த அவருடைய உறவினர் ஜான் பெய்லி 1816-இல் அதை எழுப்பினார். 1857 முற்றுகையில் பெயர் பெற்ற லக்னோ ரெசிடென்சியின் பெய்லி வாயில் இந்த ஜான் பெய்லியின் பெயரைத் தாங்கியது. ஹெக்டர் மன்றோ 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிவிட்டு ஊர் திரும்பினார். தம் நிலத்திலுள்ள ஃபைரிஷ் குன்றின்மேல் நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் ஒரு கட்டுமானத்தை எழுப்பி, 1805 வரை வாழ்ந்தார்.

பொறுப்பு யாருடையது

பெய்லிமீது இரண்டு தவறுகள் நிலைக்கின்றன. ஆகஸ்ட் 25-இல் ஆற்றைக் கடக்காதது ஒன்று. செப்டம்பர் 9 இரவில் நடையை நிறுத்தியது மற்றொன்று. முதலாவது கவனக்குறைவு. இரண்டாவதற்கு அவர் பக்கமும் நியாயம் உண்டு. இருளில் சிதறிய படை குதிரைப்படையிடம் சிக்கினால் என்ன ஆகும் என்பதை மூன்று நாள் முன்புதான் அவர் எண்ணிப் பார்க்க நேர்ந்திருந்தது.

மற்ற முடிவுகள் எதுவும் அவர் கையில் இல்லை. சந்திக்கும் இடமாகக் காஞ்சிபுரத்தைக் குறித்தவர் மன்றோ. பேரம்பாக்கத்தில் வெற்றி கிடைத்த பின்னும் நகராமல் இருந்தவரும், தம் படையைப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் அனுப்பியவரும் அவரே. குதிரைப்படையும் மாடும் தானியமும் இல்லாமல் போரை எதிர்கொண்டது சென்னைக் கவுன்சில். இவற்றில் ஏதேனும் ஒன்று மாறியிருந்தாலும் ஆற்றங்கரையில் இழந்த பத்து நாளை ஈடுசெய்திருக்கலாம். ஹைதரின் பங்கும் குறைத்துச் சொல்லத் தக்கதல்ல. எதிரியின் மூன்று பிரிவுகளும் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு நாளும் அறிந்து, அவை சேருமுன் ஒன்றின்மீது முழுப் பலத்தையும் இறக்கியவர் அவர். மன்றோ ஓர் இரவில் அவரைக் கண்காணிக்கத் தவறியதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

கம்பெனி இதிலிருந்து பாடம் கற்றது. எதிரி நாட்டில் இருக்கும்போது சிறு படைகளைத் தனித்தனியே அனுப்புவதைக் கூட் தவிர்த்தார். திருப்பாச்சூரைப் போன்ற தானியக் கோட்டைகளை முதலில் பிடித்து, அவற்றை ஒட்டியே படையை நடத்தினார். அந்த முறையில் அவர் அடுத்து நடத்திய சோளிங்கர்ப் போர் அடுத்த பகுதியில் இடம்பெறும்.